தாலி என்றால் கயிறு

1

ஒரு பாட்டில் நல்லெண்ணெய், ஒரு டின் சீயக்காய்த் தூள், சுக்கும் மிளகும் இடித்துக் கட்டிய ஒரு பொட்டலம். இவ்வளவையும் சாக்குத் துணியில் வைத்துத் தைத்து, அரக்கு வைத்து, மலாக்கா தபால் ஆபீசிலிருந்து ஸ்காட்லாந்துக்குக் கப்பல் பார்சலாக அனுப்பிய முட்டாள் நான்தான். வேறு யாராவது சொல்லி உங்களுக்குத் தெரியவருவதற்குள் நானே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். ‘உள்ளே இருப்பது என்ன’ என்று பார்சல் தாளில் கேட்டிருந்த இடத்தில், கொட்டை எழுத்தில், இங்கிலீஷில், ‘குளியல் சாமான்’ என்று எழுதியும் கொடுத்தேன். கவுண்டரில் இருந்த சீனப் பெண் என்னை நிமிர்ந்து பார்த்தாள். நான் பெருமையாகச் சிரித்தேன்.

நடந்தது இது. என் மகன் ஜெரோம் ஸ்காட்லாந்தில் கப்பல் எஞ்சின் படிப்புப் படிக்கிறான். வயது பத்தொன்பது. இந்த நாட்டுக்கு மெர்டேக்கா, அதாவது சுதந்திரம், கிடைத்து ஆறேழு வாரம் இருக்கும். அவனிடமிருந்து கடிதம் வந்தது. அம்மாவுக்காகத் தமிழில் எழுதுவான். தமிழ் என்றால் நாங்கள் குடியிருக்கும் காஜா பெராங் தமிழ். கொஞ்சம் மலாய், கொஞ்சம் இங்கிலீஷ், நடுநடுவே கூச்சப்பட்டுக்கொண்டு எட்டிப் பார்க்கும் தமிழ்.

“கிறிஸ்மஸ் லீவுக்கு நாங்க ஆறு பேர் வடக்கே போறோம். பிளான் எல்லாம் ரெடி. அங்க தண்ணி ஐஸ் மாதிரி இருக்கும். அதுல குளிக்கப் போறோம். ஒரு பாரம் வரும், அப்பா சைன் பண்ணி அனுப்பணும்.”

வாசித்துக் காட்டியதும் என் மனைவி லூர்து நெஞ்சில் கை வைத்தாள்.

“ஐஸ் தண்ணியிலயா? அலாமா! தலைக்கு எண்ணெய்கூட வைக்க மாட்டானே. சளி புடிச்சா யாருங்க பார்ப்பா அங்க?”

குளிப்பதற்குத் தகப்பன் கையெழுத்தா என்று எனக்கும் ஒரு சந்தேகம் வரத்தான் செய்தது. வெள்ளைக்காரன் வாரத்துக்கு ஒரு நாள்தான் குளிப்பான் என்று கேள்வி. அபூர்வமான காரியமாயிற்றே, அதனால் அனுமதி கேட்கிறான் போலிருக்கிறது என்று நானே தீர்ப்புச் சொல்லிக்கொண்டேன். பார்சல் கப்பலேறியது.

அடுத்த வாரம் பாரம் வந்தது. நாலு பக்கம். தலைப்பில், நீருக்கடியில் மூச்சுவிடும் கருவியுடன் இறங்குவதற்குப் பெற்றோரின் சம்மதம் என்று இருந்தது. இருபத்தொரு வயது ஆகாதவர்களுக்கு அது கட்டாயமாம். ஜெரோம் குளிக்கப் போகவில்லை. குளிக்கப் போகிறான்.

தூத்துக்குடிக்காரர்கள் இந்நேரம் தலையில் அடித்துக்கொண்டிருப்பீர்கள். நம் ஊரில் சங்கு குளிக்கிறவன் சோப்புப் போட்டா குளிக்கிறான்? நான் குளியாட்கள் இருந்த தெருவில் பிறந்தவன். அந்தச் சொல்லுக்கு நான் முதலில் கற்ற அர்த்தமே கடலின் அடிக்கு இறங்குவதுதான். மலாக்காவில் பிறந்த பையன் எந்த அகராதியிலோ தேடிப் பிடித்துச் சரியாகத்தான் எழுதியிருக்கிறான். தப்பாக வாசித்தவன் நான். இருபத்து நாலு வருஷமாக அந்த அர்த்தத்தை என் வீட்டு வாசற்படி ஏற விடாமல் வைத்திருந்தேன். அது வந்து பெயர் சொல்லிக் கூப்பிட்டபோது எனக்கு அடையாளம் தெரியவில்லை.

2

பாரத்தோடு திட்டத்தையும் அனுப்பியிருந்தான். அதை இங்கிலீஷில் டைப் அடித்து, ஓரத்தில் பேனாவால் ‘ஜெர்ரி’ என்று கையெழுத்துப் போட்டிருந்தான். ஜெரோம் என்று ஞானஸ்நானம் கொடுத்து அனுப்பிய பிள்ளை அங்கே ஜெர்ரி ஆகிவிட்டான். இனி வந்தால் எங்களையும் என்னவென்று கூப்பிடுவானோ.

சாப்பாட்டு மேசையில் வைத்து வரி வரியாக லூர்துக்குத் தமிழில் சொன்னேன். மலைகளுக்கு நடுவே கடல் புகுந்து நீண்டு கிடக்கும் ஓர் இடம். கரையில் ஒரு மரக் குடிசை. அதில் ஆறு நாள். ரப்பர் உடுப்பு, அதற்குள்ளே இரண்டு அடுக்குக் கம்பளி. உடுப்பு வழுக்கிக்கொண்டு ஏறுவதற்குப் பவுடர். முதுகில் காற்று அடைத்த இரும்பு உருளை. ஒரு தடவைக்கு ஒருவர், இருபது நிமிஷம். ஏறி வந்ததும் சூடான சூப்.

“இருபது நிமிஷம் தண்ணிக்கு அடியிலயா?” என்றாள் லூர்து.

“காத்துதான் முதுகுல இருக்கே.”

“அந்தக் காத்து தீர்ந்துபோச்சுன்னா?”

“மேல வந்து சூப் குடிப்பான்.”

“எல்லாத்துக்கும் ஒரு கேலி உங்களுக்கு. நெசமாச் சொல்லுங்க. கீழ என்ன இருக்கு, இவன் போய்ப் பாக்குறதுக்கு?”

திட்டத்தில் அதுவும் எழுதியிருந்தது. கீழே பெரிதாக ஒன்றும் இல்லை. கல், சேறு, சில நண்டுகள். வெளிச்சம் குறைவு. ‘ஆனாலும் போய்ப் பார்க்க ஆசை’ என்று முடித்திருந்தான்.

நான் முனிசிபாலிட்டி தண்ணீர் இலாகாவில் கிராணி. கிராணி என்றால் இங்கே குமாஸ்தா. வருஷம் முழுவதும் தண்ணீரோடுதான் பிழைப்பு, ஆனால் குழாய்க்குள் இருக்கிற தண்ணீரோடு மட்டும். ஞாயிற்றுக்கிழமைகளில் கிளேபாங் கடற்கரைக்குக் குடும்பத்தோடு போவோம். மற்றவர்கள் தண்ணீரில் கூத்தடிப்பார்கள். நான் மணலில் துண்டை விரித்து, சப்பாத்துக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருப்பேன். “அப்பாவுக்குக் கடல்னா பயம்,” என்று ஜெரோம் சின்ன வயதிலேயே கண்டுபிடித்துவிட்டான். நானும் பயந்தவன் மாதிரி அலையைக் கண்டு குடையை விரித்துக் காட்டுவேன். எல்லோரும் சிரிப்பார்கள். அவன் மலாய்ப் பிள்ளைகளோடு நீந்தப் பழகியது அங்கேதான். ‘நம்ம தாத்தா என்ன வேலை செஞ்சாங்க?’ என்று ஒரு தடவை கேட்டான். ‘சங்கு வியாபாரம்’ என்று சொல்லிவைத்தேன். பொய் இல்லை. சங்கு எங்கிருந்து வருகிறது என்று அவன் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

இனி இதற்கு மேல் மறைக்க என்ன இருக்கிறது. பாரத்தின் மூன்றாம் பக்கத்தில் ஏழாவது கேள்வி இருந்தது. அதைக் கண்டதும் நான் லூர்துக்குச் சொல்லாமலே பக்கத்தைத் திருப்பிவிட்டேன்.

3

கையெழுத்தைச் சத்தியப் பிரமாணம் வாங்குகிற அதிகாரி ஒருவர் முன்னால் போட வேண்டும் என்பது விதி. நவம்பர் முடிவதற்குள் பாரம் அங்கே போய்ச் சேர வேண்டும் என்பது இன்னொரு விதி.

முதல் நாள் போனபோது காரியம் நடக்கவில்லை. அந்த ஆபீசில் கிராணியாக இருப்பவர் நாயக்கர். நம் பக்கத்து நாயக்கர் என்று நினைத்துவிடாதீர்கள். காஜா பெராங்கிலேயே தலைமுறை தலைமுறையாக இருக்கும் மலாக்கா செட்டிகளில் ஒருவர். நெற்றியில் திருநீறு இருக்கும். கோயில் காரியம் என்றால் முதல் ஆளாக நிற்பார். ஆனால் தமிழ் நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் வராது. அவர்கள் வீட்டில் பேசுவது மலாய். நான் மலாயா வந்த புதிதில், திருநீற்றை நம்பி அவரிடம் தமிழில் வழி கேட்டேன். அவர் மலாயில் பதில் சொன்னார். நான் நேர் எதிர்த் திசையில் இரண்டு மைல் நடந்தேன். அன்றிலிருந்து சிநேகிதம்.

“முத்திரையில் இன்னும் ராணி இருக்கிறாள், கிராணி,” என்றார் மலாயில். “புது முத்திரை வரவில்லை. எதைக் குத்துவது என்று மேலிடத்தில் கேட்டிருக்கிறோம். நாட்டுக்கே சுதந்திரம் வந்துவிட்டது, ஒரு ரப்பர் முத்திரைக்கு வர மாட்டேன் என்கிறது.”

“என் மகன் போவதே ராணியின் தண்ணீருக்குள்தான். பழையதையே குத்தும்.”

“நாளைக்கு வா.”

நாளைக்கு என்பது ஒரு வாரம் ஆயிற்று. மறுபடி போனபோது பழைய முத்திரையையே குத்தலாம் என்று உத்தரவு வந்திருந்தது. உள்ளே அதிகாரி காத்திருந்தார். பாரத்தில் எல்லாம் நிரம்பியிருக்கிறதா என்று நாயக்கர் விரலை வைத்துப் பார்த்துக்கொண்டே வந்தார். பெயர், வயது, உறவு, உடல்நலம். மூன்றாம் பக்கத்தில் விரல் நின்றது. ஏழாவது கேள்வி. இறங்குகிறவரின் இடுப்பில் கட்டிய கயிற்றை மேலே படகில் பிடித்திருப்பவர் யார், அவரைப் பற்றித் தகப்பனுக்குத் திருப்தியா? யார் என்பதை ஜெரோமே எழுதியிருந்தான். அறையில் கூடத் தங்கியிருக்கும் கோலின் என்ற பையன். தகப்பன் எழுத வேண்டிய இடம் காலியாக இருந்தது.

நாயக்கர் தலையை நிமிர்த்தி, சர்வ சாதாரணமாக, அவருடைய மலாயில் கேட்டார்:

“சாப்பா பெகாங் தாலி?”

யார் கயிறு பிடிப்பது என்றுதான் கேட்டார். மலாயில் கயிற்றுக்குப் பெயர் தாலி. இருபத்து நாலு வருஷமாக இந்தச் சொல்லோடு நான் மல்லுக்கட்டுகிறேன். வந்த புதிதில் பாசாரில் மீன்காரி ஒருத்தி, பொட்டலம் கட்ட ‘தாலி வேணுமா, தாலி வேணுமா’ என்று கையில் சணலை ஆட்டிக்கொண்டு கேட்டாள். எனக்குக் கல்யாணம் ஆகவில்லை என்று அவளுக்கு எப்படித் தெரிந்தது என்று திகைத்துப்போனேன். இதை நூறு தடவை நூறு பேரிடம் சொல்லிச் சிரிக்க வைத்திருக்கிறேன். இந்தப் பத்திரிகையிலேயே ஒரு தடவை எழுதியிருக்கிறேன்.

அன்று நாயக்கர் கேட்டபோது சிரிப்பு வரவில்லை.

“தாலி, கிராணி, தாலி,” என்று அவர் இடுப்பில் கட்டுவது போல ஜாடை காட்டினார். எனக்குப் புரியவில்லை என்று நினைத்துக்கொண்டார், பாவம்.

பேனாவில் மை தீர்ந்துவிட்டது என்று சொன்னேன். தன்னுடையதை நீட்டினார். வயிறு சரியில்லை என்று சொல்லிவிட்டு, பாரத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

4

நம் கடற்கரை வழக்கம் உள்நாட்டுக்காரர்களுக்குத் தெரியாது என்பதால் சொல்கிறேன். குளியாள் கடலுக்குள் இறங்கினால், தோணியில் நின்று அவன் கயிற்றைப் பிடிப்பவன் அவனுடைய மச்சினன். அதாவது அவன் மனைவியின் கூடப்பிறந்தவன். அண்ணன் தம்பியை நம்பிக் கயிறு கொடுப்பதில்லை. அண்ணன் தம்பிக்குள் பங்கு உண்டு, பகை உண்டு. மச்சினன் கண்ணை மூட மாட்டான், கீழிருந்து கயிறு அசைந்த கணமே இழுத்துவிடுவான். அவன் கையில் இருப்பது அவன் அக்காளின் தாலி.

மலாய்க்காரனுக்கும் நமக்கும் இந்த ஒரு சொல்லில் எப்படி ஒற்றுமை வந்தது என்று பண்டிதர்கள்தான் சொல்ல வேண்டும். சும்மா தற்செயலாகத்தான் இருக்கும்.

என் அக்காள் ரெஜினாவின் புருஷன் ரொசாரி அத்தான். சங்கு குளிப்பதில் கெட்டிக்காரர். அப்போது எனக்குப் பத்தொன்பது வயது. கயிறு என் கையில் இருந்தது.

தோணியில் நான் இருந்தால் மற்றவர்களுக்கு வேலை செய்கிற அலுப்பே தெரியாது என்பார்கள். அன்று சங்குச் சலாபத்து, அதாவது சங்கு குளிப்பு நடக்கும் இடத்து, மேற்பார்வையாளரைப் போல நடந்து காட்டிக்கொண்டிருந்தேன். அவர் தோணியில் ஏறும்போது பண்ணும் ஆர்ப்பாட்டம், வேட்டி தடுக்கி விழப்போவது, விழாதது போல் நிமிர்வது எல்லாவற்றையும் நடித்தேன். எட்டுப் பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். கடைசியில் அவர் சொல்லும் ஒரு வார்த்தை இருக்கிறது. அதில்தான் அந்த வேடிக்கையின் உயிர். அதைச் சொல்ல வாயெடுத்தபோது என் கையில் கயிறு அசைந்தது.

கயிறு அசைந்தது தெரியவில்லை என்று ஊரில் எல்லோரிடமும் சொன்னேன். நீரோட்டம் என்று நினைத்தேன் என்று சொன்னேன். கீழே பாறையில் கால் மாட்டியிருக்கும், நீ என்ன செய்வாய் என்று தோணிக்காரர்களே எனக்காகப் பேசினார்கள். விசாரித்த அதிகாரியும் அப்படியே எழுதிக்கொண்டார்.

எனக்குத் தெரிந்தது. நன்றாகத் தெரிந்தது. அந்த ஒரு வார்த்தையைச் சொல்லிவிட்டு இழுக்கலாம் என்று நினைத்தேன். சொன்னேன். சிரித்தார்கள். பிறகு இழுத்தேன். கயிறு கனத்து வந்தது.

அந்த வார்த்தை என்ன என்று இங்கே எழுத மாட்டேன்.

அடக்கம் முடிந்து அக்காள் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. திட்டியிருந்தால் நின்றிருப்பேன். இரண்டு மாதத்தில் கப்பலேறிவிட்டேன். பிழைப்புத் தேடி மலாயா வந்தேன் என்று இதே பத்திரிகையில் எத்தனையோ தடவை எழுதியிருக்கிறேன். அதை இப்போது திருத்திக்கொள்ளுங்கள்.

5

வீட்டுக்கு வந்ததும் லூர்து கையை நீட்டினாள்.

“முத்திரை குத்திட்டாங்களா? குடுங்க, இன்னைக்கே போஸ்ட் பண்ணிரலாம்.”

“இல்ல.”

“மறுபடியும் ராணியா?”

“ராணி இல்ல. உக்காரு.”

அவள் மலாக்காவில் பிறந்தவள். ஆஸ்பத்திரி டிரெஸ்ஸர் ஒருவரின் மகள். கடற்கரை வழக்கம் ஒன்றும் தெரியாது. எனக்கு ஓர் அக்காள் இருப்பதும், வருஷாவருஷம் கிறிஸ்மஸுக்கு நான் எழுதும் கடிதத்துக்கு அங்கிருந்து பதிலே வருவதில்லை என்பதும் தெரியும். ‘உங்க கேலி தாங்காமத்தான் எழுத மாட்டாங்க’ என்பாள். முதலிலிருந்து கடைசிவரை சொன்னேன். நடுவில் ஓர் இடத்தில் மேற்பார்வையாளர் ஏறுவதைக் கையால் நடித்துக் காட்டத் தொடங்கிவிட்டேன். அவள் என் கையைப் பிடித்து மேசைமேல் வைத்து அழுத்தினாள். மிச்சத்தைக் கை அசையாமல் சொன்னேன்.

அடுப்பில் சோறு அடிப்பிடித்தது. எழுந்து இறக்கி வைத்துவிட்டு வந்தாள்.

“சைன் பண்ணாம இருந்தா பையன் என்னா பண்ணுவான்?”

“போக மாட்டான். விட மாட்டாங்க.”

“நீங்க பண்ணுன தப்புக்கு அவன் லீவு போகுமா?”

“அவன் செத்துப்போனா?”

“அந்தக் கோலினுக்கு உங்க மாதிரி வாயா?”

அவள் கேலிக்காகக் கேட்கவில்லை.

“என்கிட்ட சொன்னது பத்தாது,” என்றாள். “உங்க அக்காவுக்கு எழுதுங்க. கயிறு ஆடுனது தெரியும்னு எழுதுங்க. அப்புறமா இந்தப் பாரத்தைப் பாப்போம்.”

மூன்று தடவை எழுதினேன். முதல் கடிதத்தில் எண்ணெயும் சீயக்காயும் வந்தன. வாசித்துவிட்டுக் கிழித்தாள். இரண்டாவதில் ராணியும் முத்திரையும். அதையும் கிழித்தாள். மூன்றாவதில் மீன்காரி எப்படியோ நுழைந்துவிட்டாள். “உங்களுக்கு நேராப் பேசவே வராதா?” என்று கேட்டுக்கொண்டே அதையும் கிழித்தாள். வராது போலிருக்கிறது. பத்தொன்பது வயதில் எந்த வாயால் கெட்டேனோ, அந்த வாயைக் கட்ட வேண்டியவன், அதை வைத்தே ஒரு நாட்டில் கால் ஊன்றியிருக்கிறேன். ஆபீசில் மேலதிகாரி முதல் பாசாரில் மீன்காரி வரை, என்னைக் கண்டால் சிரிக்கத் தயாராக இருப்பார்கள். சிரிக்கிறவர்கள் மேற்கொண்டு ஒன்றும் கேட்பதில்லை.

நாலாவது கடிதம் ஆறு வரி. அன்று கயிறு அசைந்தது எனக்குத் தெரியும், அக்கா. பேச்சை முடித்துவிட்டு இழுத்தேன். இதுவரை யாரிடமும் சொல்லவில்லை. என் மகன் ஜெரோமுக்கு இப்போது அதே வயது. குளிர்ந்த கடலில் குளிக்கப் போகிறான், என் சம்மதம் கேட்கிறார்கள். அதைச் சொல்லும் யோக்கியதை எனக்கு இல்லை, நீ சொல்.

விமானத் தபாலில் போட்டேன். அதன் பிறகு தினமும் தபால்காரர் வரும் நேரத்தில் வாசலில் நின்றேன். தேதி நெருங்கியது. ஜெரோமிடமிருந்து தந்தி வந்தது, பாரம் எங்கே என்று. நாயக்கர் வழியில் பார்த்து, வயிறு தேவலையா என்று கேட்டார். தேவலை என்றேன். பத்து நாள் ஆயிற்று, பதினைந்து நாள் ஆயிற்று. பதில் வராது என்றே வைத்துக்கொண்டேன். இருபத்து நாலு வருஷம் எழுதாதவள் இதற்கா எழுதப்போகிறாள். பாரத்தை எடுத்துக் கிழித்துவிடலாம் என்று ஒருநாள் கையில் எடுத்தேன். “அதுல இருக்கிறது அவன் பேரு, உங்க பேரு இல்ல,” என்று லூர்து பிடுங்கி வைத்துக்கொண்டாள்.

பதினேழாம் நாள் தூத்துக்குடி முத்திரையோடு ஒரு கவர் வந்தது. கோடு போட்ட நோட்டில் கிழித்த ஒரு தாள் உள்ளே இருந்தது. அக்காளின் கையெழுத்து இத்தனை வருஷத்தில் கொஞ்சமும் மாறவில்லை. நலமா, நலம் என்றுகூட ஒரு வார்த்தை கிடையாது. அன்று மத்தியானமே நாயக்கரிடம் போய், ஏழாவது கேள்விக்கு எதிரே எழுத வேண்டியதை எழுதி, வாய் திறக்காமல் கையெழுத்துப் போட்டு, பாரத்தை விமானத்தில் அனுப்பிவிட்டேன். இதை நீங்கள் வாசிக்கும்போது ஜெரோம் இறங்கி ஏறியிருப்பான். எழுதுகிற எனக்கு இன்னும் தெரியாது. தாளை மேசையில் எதிரே வைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன். அதில் இருப்பது ஒரே வரி:

“புள்ள தாராளமா குளிக்கட்டும், கயித்த மட்டும் நீ புடிச்சிராத லே.”